முகமூடி அணியச் சொன்னார்கள்!

ஒரு கறுப்புக் கார். பின் இருக்கையிலே வெள்ளைக்கார எஜமானர். பகலில் பத்திரிகை முதலாளி, இரவில் முகமூடி போட்டுத் திருடர்களைப் பிடிக்கும் வீரர். முன் இருக்கையிலே காரோட்டி. அவர் சீனர், வீட்டு வேலைக்காரரும் அவரே. அவர் முகத்திலும் முகமூடி. திருடர்கள் எதிர்ப்பட்டால் பாய்ந்து இறங்கி உதைப்பவர் வேலைக்காரர். வீரர் என்று பெயர் வாங்குபவர் எஜமானர்!

இது 1966 செப்டம்பரில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் தொடங்கிய 'தி கிரீன் ஹார்னெட்' என்ற தொடர். மொத்தம் 26 கதைகள். எஜமானர் வேடம் போட்டவருக்கு வாரம் 2000 டாலர் சம்பளம். வேலைக்காரர் வேடம் போட்டவருக்கு 400 டாலர். அடித்து நொறுக்கியவருக்கு ஐந்தில் ஒரு பங்கு! இந்தக் கணக்கு உலகத்துக்குப் புதியதல்ல. ஆலையிலும் இதுதான் கணக்கு, வயலிலும் இதுதான் கணக்கு.

வேலைக்காரர் வேடம் போட்டவரின் பெயர் புரூஸ் லீ.

தோழர்களே! நம் ஊர் முடிதிருத்தகத்துச் சுவரிலே, உடற்பயிற்சிக் கூடத்து வாயிலிலே, சட்டையில்லாத மேனியோடு கைகளை ஓங்கி நிற்கும் அந்த மெலிந்த மனிதரின் படத்தைப் பார்க்காதவர் யார்? படத்தை அறிந்தவர் பலர்; அந்தப் படத்துக்குப் பின்னால் இருக்கும் பாட்டை அறிந்தவர் சிலர். அந்தப் பாடு நாம் அறியவேண்டிய பாடு. அதனால்தான் இன்றைய பத்தியை அவருக்கு ஒதுக்குகிறோம்.

1940 நவம்பர் 27. அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரிலே, சீனர் குடியிருப்பில் உள்ள மருத்துவமனையில் அந்தக் குழந்தை பிறந்தது. தகப்பனார் லீ ஹோய் சுவென் கான்டனீஸ் இசைநாடக மேடையில் நகைச்சுவை நடிகர். நாடகக் குழுவோடு கடல் கடந்து வந்திருந்தார். அந்த நாளில் சீனத் தொழிலாளி அமெரிக்க மண்ணில் கால் வைக்க முடியாது. 1882இல் போட்ட தடைச்சட்டம் 1943 வரையில் உயிரோடு இருந்தது. நாடகக் கலைஞர் போன்ற சிலருக்கு மட்டும் சிலகாலம் தங்கிப்போக அனுமதி.

தடை போட்ட அதே நாட்டுக்கு, மேற்கே இருப்புப்பாதை போட்டபோது சீனர் வேண்டியிருந்தது! மலையைக் குடையச் சீனர், வெடி வைக்கச் சீனர், பனிச்சரிவில் புதையுண்டு சாகச் சீனர். வெள்ளைத் தொழிலாளிக்குத் தரும் கூலியை எங்களுக்கும் தா என்று 1867இல் அவர்கள் ஆயிரக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்தார்கள். கம்பெனி என்ன செய்தது? மலைமேல் இருந்தவர்களுக்கு உணவு போவதை நிறுத்தியது. பட்டினி போட்டுப் பணியவைத்தது. 1869இல் பாதை முடிந்தது. பதின்மூன்று ஆண்டுகளில் கதவு சாத்தப்பட்டது! அந்தச் சாத்திய கதவுக்கு உள்ளே, தற்செயலாகப் பிறந்த குழந்தை இது.

பெற்றோர் இட்ட பெயர் லீ ஜுன் ஃபான். புரூஸ் என்பது மருத்துவமனையில் வந்து ஒட்டிய பெயர். முன்பு ஓர் ஆண்குழந்தை இறந்துபோனதால், தீய ஆவி ஏமாந்து போகட்டும் என்று வீட்டிலே ஒரு பெண்பிள்ளைப் பெயரும் வைத்து அழைத்தார்கள். பிள்ளை தங்கவேண்டும் என்று குப்பன் என்றும் பிச்சை என்றும் பெயரிட்ட நம் பாட்டிமார் நினைவுக்கு வருகிறார்கள் அல்லவா? மூடநம்பிக்கைக்குக் கடல் ஒரு தடையல்ல!

1941இல் குடும்பம் ஹாங்காங் திரும்பியது. அந்த ஆண்டு டிசம்பரிலேயே ஜப்பானியப் படை ஊரைப் பிடித்தது. 1945 ஆகஸ்டு வரையில் பஞ்சமும் பயமும். ஜப்பானியன் போனான், பழையபடி பிரிட்டிஷார் வந்து அமர்ந்தார்கள். மக்கள் சீனர், ஆட்சி ஆங்கிலேயருடையது, ஆட்சிமொழி ஆங்கிலம் ஒன்றுதான். ஊரில் பெரும்பாலோர் பேசிய சீனமொழிக்கு ஆட்சிமொழித் தகுதி கிடைத்தது எப்போது தெரியுமா? 1974இல்! அதுவும் மாணவரும் பொதுமக்களும் இயக்கம் நடத்திய பிறகு. தாய்மொழிக்காகப் போராடிய வரலாறு உள்ள நமக்கு இதன் பொருளை விளக்க வேண்டியதில்லை.

கைக்குழந்தையாக இருந்தபோதே திரையில் முகம் காட்டிவிட்டவன் அந்தச் சிறுவன். 1950இல் 'தி கிட்' என்ற படத்தில் ஏழைச் சிறுவனாக நடித்துப் பெயர் பெற்றான். லீ சியூ லுங், அதாவது குட்டி டிராகன், என்பது திரையுலகம் வழங்கிய பெயர். பதினெட்டு வயதுக்குள் ஏறத்தாழ 20 படங்கள். அவற்றில் பல அநாதைகளின் கதை, தெருப்பிள்ளைகளின் கதை.

திரைக்கு வெளியேயும் தெருதான். கும்பல் கும்பலாகச் சண்டை. சண்டையில் தோற்காமல் இருக்க, ஃபோஷான் ஊரிலிருந்து வந்து ஹாங்காங்கில் குடியேறிய இப் மான் என்ற ஆசிரியரிடம் விங் சுன் என்னும் தற்காப்புக் கலையைக் கற்கச் சென்றான். ஒரு பெண்ணின் பெயரால் வழங்கும் கலை அது. அங்கும் ஓர் இடர் வந்ததாக வரலாறு எழுதியோர் கூறுவர். தாயார் வழியிலே ஐரோப்பிய இரத்தம் கலந்திருந்தது. கலப்புப் பிறவிக்குச் சீனக் கலையைக் கற்பிப்பதா என்று உடன்பயின்ற சிலர் முகம் சுளித்தார்களாம். வெள்ளையன் நாட்டிலே மஞ்சள் நிறம் குற்றம். சொந்த நாட்டிலே கலப்பு இரத்தம் குற்றம்! தூய்மை பேசுகிறவன் எந்த நாட்டிலும் ஒரே குரலில்தான் பேசுகிறான்.

1958இல் பள்ளிகளுக்கிடையே நடந்த குத்துச்சண்டைப் போட்டியில் வெற்றி. அதே ஆண்டில் சா-சா நடனப் போட்டியிலும் வெற்றி. ஆனால் தெருச்சண்டை முற்றிப் போலீஸ் வரையில் போயிற்று. பெற்றோர் கவலைகொண்டு 1959இல் கப்பலேற்றி விட்டார்கள். கையிலே 100 டாலர். அமெரிக்காவில் பிறந்த உரிமை ஒன்றுதான் முதலீடு.

சியாட்டல் நகரிலே ஒரு சீன உணவகம். மேசை துடைப்பதும் உணவு பரிமாறுவதும் வேலை. ஒரு சின்ன அறை இருப்பிடம். ஊரில் திரைப்பட நடிகர், இங்கே எச்சில் தட்டு எடுப்பவர்! வேலை செய்துகொண்டே படித்தார். 1961இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். நாடகமும் தத்துவமும் பயின்றார். ஓய்ந்த நேரத்தில் தம் கலையைக் கற்பித்தார்.

யாருக்குக் கற்பித்தார் என்பதுதான் கவனிக்கத்தக்கது. முதல் மாணவர் ஜெஸ்ஸி குளோவர் ஒரு கறுப்பினத்தவர். சிறுவயதில் போலீஸ்காரன் கையில் அடிபட்டவர். துணையாசிரியராக உயர்ந்த டாக்கி கிமுரா ஜப்பானிய வம்சத்து அமெரிக்கர். இரண்டாம் உலகப்போரின்போது, ஜப்பானிய இரத்தம் என்ற ஒரே காரணத்துக்காக அமெரிக்க அரசால் முகாமில் அடைக்கப்பட்டவர். ஹாங்காங்கைச் சூறையாடியது ஜப்பானியப் படை. அந்த ஊர்ப் பிள்ளை ஒரு ஜப்பானிய வம்சத்தவரைத் தோளோடு சேர்த்துக்கொண்டார். படையெடுத்தவன் வேறு, பாடுபடுகிறவன் வேறு என்று அறிந்த மனம் அது. கலை என்பது குலச்சொத்து, பிறத்தியாருக்குக் காட்டாதே என்ற பழைய கட்டுப்பாட்டை அவர் காலால் எற்றித் தள்ளினார்.

1964இல் லிண்டா எமரி என்ற வெள்ளைக்காரப் பெண்ணை மணந்தார். பெண் வீட்டில் எதிர்ப்பு. இது வீட்டுச் சண்டை மட்டுமல்ல. அன்று அமெரிக்காவின் பல மாநிலங்களில் நிறம் கடந்த திருமணம் சட்டப்படி குற்றம். அப்படிப்பட்ட சட்டங்கள் செல்லா என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 1967இல்தான். கலப்பு மணத்துக்கு வரும் தடை எப்படிப்பட்டது என்பதை நம் இயக்கத்துக்காரர் நன்கு அறிவர்.

அதே ஆண்டின் இறுதியில் ஓக்லண்டு நகரிலே, வாங் ஜாக் மேன் என்ற இன்னொரு சீன வீரரோடு தனிச்சண்டை. ஏன் நடந்தது, எப்படி முடிந்தது என்பதில் இரு தரப்பாரும் இருவேறு கதை சொன்னார்கள். நமக்கு முக்கியம் பிறகு நடந்ததுதான். தமக்கு மூச்சு வாங்கியது ஏன், சண்டை நீண்டது ஏன் என்று தம்மையே கேட்டுக்கொண்டார். தாம் கற்ற கலையையே கேள்வி கேட்டார். மேலைநாட்டுக் குத்துச்சண்டையிலிருந்து ஒன்று, வாள்வீச்சிலிருந்து ஒன்று, எது பயன்பட்டதோ அதை எடுத்தார்; பயனற்றதை முன்னோர் சொன்னது என்பதற்காகக் காப்பாற்றவில்லை. 1967இல் தம் முறைக்கு ஜீத் குன் டோ என்று பெயரிட்டார். எதிரியின் கை புறப்படும்போதே மறித்து அடிக்கும் வழி என்பது அதன் பொருள். பழமை என்று பூட்டி வைத்ததைப் பகுத்தறிவுகொண்டு திறந்து பார்த்த செயல் இது.

1964இல் லாங் பீச் நகரத்துக் கராத்தே போட்டியில் அவர் செய்துகாட்டிய வித்தையின் புகழ் தொலைக்காட்சிக்காரர் காதுக்கு எட்டியது. அதனால் கிடைத்ததுதான் அந்த முகமூடி வேலைக்காரர் வேடம். 1967இல் தொடர் நின்றது. பிறகு ஆண்டுக்கணக்கில் சில்லறை வேடங்கள். ஸ்டீவ் மெக்குவீன், ஜேம்ஸ் கோபர்ன் ஆகிய பெரிய நடிகர்களுக்கு அவர் ஆசிரியர். மாணவர்கள் கதாநாயகர்கள், ஆசிரியருக்கு வேடமில்லை! சீனக் கதாபாத்திரம் வேண்டுமா? வெள்ளைக்காரருக்கே சீன வேடம் போட்டுவிடுவது ஹாலிவுட்டின் நெடுநாள் வழக்கம். சார்லி சான் என்ற சீனத் துப்பறிவாளராகப் பல படங்களில் நடித்துப் புகழ்பெற்றவர் சுவீடனில் பிறந்த ஒருவர்.

1970இல் பளு தூக்கும் பயிற்சியில் முதுகில் பலத்த அடி. இனி உதைக்கவே முடியாது என்றார்கள் மருத்துவர்கள். மாதக்கணக்கில் படுக்கை. வீட்டிலே இரண்டு குழந்தைகள். மனைவி வேலைக்குப் போனார், கணவர் படுத்தபடியே நூல்களைப் படித்தார், குறிப்புகள் எழுதிக் குவித்தார். உடல் உழைப்பையே நம்பி வாழும் தொழிலாளி முதுகு ஒடிந்து படுத்தால் வீட்டில் என்ன நடக்கும் என்பதை நாம் சொல்லித் தெரியவேண்டியதில்லை. எழுந்தார், மீண்டும் உதைத்தார். வலி மட்டும் கடைசிவரையில் கூடவே இருந்தது.

1971இன் தொடக்கத்தில் இந்தியாவுக்கும் வந்தார். கோபர்னும் எழுத்தாளர் சில்லிஃபன்ட்டும் உடன்வந்தார்கள். அமெரிக்கப் படக்கம்பெனி ஒன்று இந்தியாவில் சம்பாதித்த பணம் வெளியே கொண்டுபோக முடியாமல் இங்கே முடங்கியிருந்தது. அந்தப் பணத்தில் ஒரு படம் எடுக்கலாமா என்று இடம் பார்க்கவே வந்தார்கள். இடம் பிடிக்கவில்லை, படம் எழவில்லை. அந்த ஆண்டு இறுதியிலே இன்னொரு அடி. 'குங் ஃபூ' என்று ஒரு தொடர். சீனத் துறவி ஒருவர் அமெரிக்காவில் அலையும் கதை. தாம் சொன்ன கருத்திலிருந்து பிறந்தது அது என்பது லீ தரப்பார் கூற்று. முன்பே எங்களிடம் இருந்த கதை என்பது தயாரித்தவர் கூற்று. அந்த வழக்கு எப்படியும் போகட்டும். கதாநாயகர் சீனத் தாய்க்குப் பிறந்தவர். நடிக்கச் சீனர் ஒருவர் தயாராக நிற்கிறார். வேடத்தைக் கொடுத்தது யாருக்கு? டேவிட் காரடைன் என்ற வெள்ளை நடிகருக்கு!

கதவு திறக்கவில்லை. ஆனால் இன்னொரு திசையிலே காற்று மாறியிருந்தது. பழைய காரோட்டித் தொடர் ஹாங்காங்கில் ஓடியபோது, எஜமானர் பெயரை மக்கள் மறந்தே போனார்கள். வேலைக்காரரான கேட்டோவின் பெயராலேயே தொடரை அழைத்தார்கள்! எவன் பாடுபடுகிறான் என்று மக்களுக்குத் தெரியும். ஹாங்காங்கின் பெரிய படமுதலாளிகளான ஷா சகோதரர்கள் அற்பத் தொகை பேசினார்கள். அவர்களிடமிருந்து பிரிந்துவந்து 1970இல் கோல்டன் ஹார்வெஸ்ட் என்ற புதுக் கம்பெனி தொடங்கிய ரேமண்ட் சவ், இரண்டு படங்களுக்குச் சேர்த்து 15,000 டாலர் தந்தார்.

முதல் படம் 'தி பிக் பாஸ்'. தாய்லாந்திலே பாக் சோங் என்னும் சிற்றூரில் வெயிலிலும் கொசுக்கடியிலும் எடுத்தார்கள். பாட்டாளித் தோழர்கள் இந்தப் படத்தின் கதையைச் சற்று நின்று கேட்கவேண்டும்.

பிழைப்புத் தேடி வந்த சீனத் தொழிலாளிகள். ஓர் ஐஸ் தொழிற்சாலை. பனிக்கட்டிப் பாளத்துக்குள் போதைப்பொருளை வைத்துக் கடத்துகிறார் முதலாளி. கண்டுபிடித்த இரண்டு தொழிலாளிகளைக் காணவில்லை. கேட்கப்போனவர்களையும் காணவில்லை. தோழர்கள் எங்கே என்று கேட்டு வேலையை நிறுத்துகிறார்கள். அடியாட்கள் வருகிறார்கள். சண்டையிடுவதில்லை என்று தாய்க்கு வாக்குக் கொடுத்திருந்த புதுத் தொழிலாளி அன்று கை ஓங்குகிறான். அடியாட்கள் ஓடுகிறார்கள்.

மறுநாள் நிர்வாகம் என்ன செய்கிறது? அவனை மேஸ்திரி ஆக்குகிறது! விருந்து வைக்கிறது, மது வார்க்கிறது. அவன் மயங்குகிறான். நேற்றுவரை தோளில் தூக்கியவர்கள் இன்று முகம் திருப்பிக்கொள்கிறார்கள். அடித்து அடக்க முடியாதவனை அணைத்து அடக்குவது! இந்தத் தந்திரத்தை ஆலை வாயிலில் கண்டவர்கள் நம்மிலே எத்தனை பேர்! உண்மை தெரிந்து அவன் விழித்துக்கொள்வதற்குள், அவனோடு வாழ்ந்தவர்கள் கொன்று குவிக்கப்படுகிறார்கள். முதலாளியை வீழ்த்துகிறான், முடிவில் போலீஸ் அவனை விலங்கிட்டுக் கொண்டுபோகிறது.

1971 அக்டோபர் இறுதியில் படம் வெளிவந்தது. நான்கே ஆண்டுகளுக்கு முன், 1967இல், பிளாஸ்டிக் பூ செய்யும் ஆலையில் மூண்ட தொழில் தகராறு ஊரெங்கும் கலவரமாகப் பரவிய நகரம் அது. அந்த நகரத்து உழைப்பாளிகள் திரையரங்கில் எழுந்து ஆரவாரம் செய்ததில் வியப்பென்ன? ஹாங்காங்கில் அதுவரை எந்தப் படமும் ஈட்டாத வசூல். 30 லட்சம் ஹாங்காங் டாலருக்கு மேல்.

அடுத்தது 1972இல் 'ஃபிஸ்ட் ஆஃப் ஃபியூரி'. அந்நியர் ஆதிக்கத்திலிருந்த பழைய ஷாங்காய். சீனரும் நாயும் நுழையக்கூடாது என்று பூங்கா வாயிலிலே பலகை. கதாநாயகன் எகிறி உதைக்கிறான். பலகை சுக்கு நூறாகிறது. அப்படி ஒரே வரியில் எழுதிய பலகை உண்மையில் இருந்ததா என்று வரலாற்றாசிரியர்கள் வாதிடுவர். விதிகளிலே நாய்க்கு ஒரு வரி, சீனருக்குத் தடையாக வேறொரு வரி என்பது ஆதாரமுள்ள செய்தி. ஒரு வரியானால் என்ன, இரண்டு வரியானால் என்ன? சீன மண்ணிலே சீனனுக்கு இடமில்லை என்பதுதானே உண்மை! 1928 வரையில் அந்தப் பூங்கா அவர்களுக்குத் திறக்கப்படவில்லை. தெருவில் நடக்கவும் குளத்தில் நீர் எடுக்கவும் போராடியவர்களின் பிள்ளைகளுக்கு அந்த உதையின் சுவை தெரியும்.

அதே ஆண்டின் இறுதியில் 'தி வே ஆஃப் தி டிராகன்'. கதை அவருடையது, இயக்கம் அவருடையது, தயாரிப்பிலும் பங்கு. ரோமாபுரியிலே ஒரு சீன உணவகத்தை மிரட்டிப் பறிக்கவரும் கும்பலை எதிர்க்கும் நாட்டுப்புறத்தான் கதை. ஒரு காலத்தில் உணவகத்தில் தட்டு எடுத்தவரல்லவா! வசூலில் தம் முந்தைய படங்களைத் தாமே வென்றார்.

இதற்குப் பிறகுதான் ஹாலிவுட் வந்து கதவைத் தட்டியது. 'என்டர் தி டிராகன்' 1973இன் தொடக்கத்தில் ஹாங்காங்கிலே எடுக்கப்பட்டது. செலவு பத்து லட்சம் டாலரைத் தாண்டவில்லை; உலகெங்கும் அள்ளியதோ பல கோடி டாலர். ஆனால் அந்த வெற்றியைக் காண அவர் இல்லை. மே 10ஆம் நாள் ஒலிச்சேர்க்கைக் கூடத்திலே மயங்கி விழுந்தார், மூளையில் வீக்கம். பிழைத்தார். ஓய்வெடுக்காமல் மீண்டும் உழைத்தார். ஜூலை 20, நடிகை ஒருவரின் வீட்டில் தலைவலி என்று மாத்திரை போட்டுக்கொண்டு படுத்தவர் எழவில்லை. வயது 32. படம் அமெரிக்காவில் வெளிவந்தது ஒரு மாதத்துக்குப் பின்!

வீட்டில், மனைவி அருகில் இறந்தார் என்று முதலில் செய்தி கொடுத்தார்கள். பத்திரிகைகள் உண்மையைத் தோண்டின. உண்மையை மறைத்தால் பொய்க்குச் சிறகு முளைக்கும். விஷம் என்றார்கள், மர்ம அடி என்றார்கள், வீட்டு மனையின் தோஷம் என்றார்கள், சாபம் என்றார்கள். விசாரணை நடந்தது. மாத்திரையிலிருந்த மருந்து உடலுக்கு ஒவ்வாமல் மூளை வீங்கியதால் நேர்ந்த விபத்து மரணம் என்று முடிவு சொல்லப்பட்டது. வெப்பத் தாக்குதலா, உடலில் உப்புச்சத்துக் குறைவா என்று பின்னாளிலும் ஆராய்ந்து எழுதினார்கள். ஆராயட்டும்; அது அறிவின் வழி. சாபம் என்பது சோம்பேறி மூளையின் வழி.

1993இல் அவர் மகன் பிராண்டனும் படப்பிடிப்பிலே துப்பாக்கி வெடித்து இறந்தபோது மீண்டும் சாபம் பேசினார்கள். நடந்தது என்ன? முன்பு பயன்படுத்திய போலித் தோட்டாவின் முனை குழலுக்குள் தங்கியிருந்தது, சோதித்துப் பார்க்கவில்லை, வெற்று வெடி வெடித்தபோது அது பாய்ந்தது. வேலையிடத்துப் பாதுகாப்பில் காட்டிய அலட்சியம், அவ்வளவுதான். ஆலையிலே இயந்திரத்தில் கை போனால் விதி என்று சொல்கிறார்களே, அதே கதை! விதி என்று சொன்னால் முதலாளிக்கு இலாபம். காரணம் என்ன என்று கேட்டால் தொழிலாளிக்குப் பாதுகாப்பு.

இவரைப் புரட்சிவீரர் என்று நாம் கூறவில்லை. அவர் கட்சி கட்டவில்லை, சங்கம் அமைக்கவில்லை. பணமும் புகழும் விரும்பினார்; அதை மறைக்கவும் இல்லை. உடலை இயந்திரம்போல் ஓட்டினார். இயந்திரத்துக்குக்கூட ஓய்வு வேண்டும் என்பதை மறந்தார். அவர் படங்களில் ஒரு குறையும் உண்டு. எல்லாப் படத்திலும் ஒருவனே எல்லோரையும் அடிக்கிறான். ஐஸ் தொழிற்சாலைக் கதையை எண்ணிப் பாருங்கள். தொழிலாளிகள் ஒன்றாக நின்றபோது நிர்வாகம் அஞ்சியது. ஒருவனைப் பிரித்து மேஸ்திரி ஆக்கியபின்தான் மற்றவர்கள் மாண்டார்கள். தனி ஒருவன் வீரம் பழி வாங்கியது, உயிரைக் காப்பாற்றவில்லை. கைதட்டிவிட்டு வந்த நாம் எடுத்துவரவேண்டிய பாடம் அது.

ஆனால் ஒன்றை யாரும் மறுக்க முடியாது. மஞ்சள் நிறத்தான் என்றால் சலவைக்காரன், சமையற்காரன், காரோட்டி என்று திரையில் எழுதி வைத்திருந்த விதியை ஒரு மனிதர் பன்னிரண்டு ஆண்டு உழைப்பில் அழித்தார். 2005இல் போஸ்னியா நாட்டின் மோஸ்டார் நகரத்தார் அவருக்குச் சிலை எழுப்பினார்கள். உள்நாட்டுப் போரில் இனவாரியாகப் பிளந்து கிடந்த ஊர் அது. எந்த இனத்தாரும் தம்முடையவர் என்று ஒப்புக்கொள்ளக்கூடிய ஒருவரைத் தேடினார்கள். அந்த மண்ணில் பிறவாத ஒரு சீனர் அகப்பட்டார்!

400 டாலர் கொடுத்து முகமூடி அணியச் சொன்னார்கள். அவர் முகத்தை உலகமே அறிந்துகொண்டது. இனி முடிதிருத்தகத்துச் சுவரில் அந்தப் படத்தைக் காணும் இளைஞருக்கு, தோழர்களே, உதையை மட்டும் சொல்லாதீர்கள். தட்டு எடுத்த கதையைச் சொல்லுங்கள், முதுகு ஒடிந்து எழுந்த கதையைச் சொல்லுங்கள், மேஸ்திரி வேலைக்கு மயங்கியவனின் கதையையும் மறக்காமல் சொல்லுங்கள்!